வகுப்பறைக் கேள்வி–பதில்: திங்கள் முதல் வெள்ளி வரை

தொடக்கப்பள்ளி வகுப்பறையில் ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதைத்தான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். கேட்டவர்களில் மிகுதியானோர் அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பெற்றோர் என்பதால் விடைகளும் அப்பள்ளிகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். மாலையில் வந்தவுடன் "இன்னைக்கு டீச்சர் என்ன நடத்துனாங்க?" என்று கேட்டால், "பாட்டுப் பாடினோம், கடை வெச்சு விளையாடினோம்" என்கிறாள். ஒரு வாரம் முழுவதற்கும் நோட்டில் நான்கைந்து பக்கங்கள்தாம் எழுதியிருக்கிறாள். உண்மையிலேயே பாடம் நடக்கிறதா?
(ஒரு தாய், ஒரத்தநாடு)

பதில்: உங்கள் மகள் சொன்ன அந்தக் கடை விளையாட்டே பாடமாக இருக்க வாய்ப்புண்டு. நோட்டில் நிரம்பிய பக்கங்களைக் கொண்டு ஏழு வயதுக் குழந்தையின் வாரத்தை அளப்பது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் வகுப்பறை வேலைகளிலேயே எளியது. எழுத்துத் தெரியாத குழந்தைகூட அதைக் கோலம் போடுவதுபோல் வரைந்து முடித்துவிடும். நோட்டும் நிரம்பிவிடும், வீட்டிலும் மகிழ்ச்சி அடைவார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கான கற்பித்தல் முறை, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒட்டி மாறியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்பவும், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடும் வந்த திட்டம் அது. பாட்டு, கதை, பொம்மலாட்டம், கைவேலை ஆகியவை அதில் பாடத்துக்கு நடுவே வரும் இளைப்பாறல் அல்ல. பாடம் நடத்தும் வழியே அவைதாம்.

சந்தையைப் பொருளாகக் கொண்ட ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காய்கறிப் பாட்டு ஒன்றைக் கைதட்டிப் பாடுகிறார்கள். பாட்டில் வந்த கத்தரி, தக்காளி, வெண்டை, முருங்கை ஆகிய சொற்களை ஆசிரியை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். மறுநாள் அதே சொற்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை நடக்கிறது. 'தக்காளி'யில் உள்ள புள்ளி வைத்த எழுத்து எது, 'கத்தரி'யில் அதேபோல் வருவது எது என்று தேடித் தேடிக் குழந்தைகள் மெய்யெழுத்தைக் கண்ணில் பதித்துக்கொள்கிறார்கள்.

புதன்கிழமை கடை. விலைச் சீட்டு ஒட்டிய காய்கறிகளும் காகித ரூபாய்களும் பாயில் பரப்பப்படுகின்றன. ஒரு சிறுமி 27 ரூபாய்க்குத் தக்காளியும் 15 ரூபாய்க்கு வெண்டைக்காயும் வாங்குகிறாள். மொத்தம் எவ்வளவு என்று பார்க்க அவளிடம் விளக்கமாற்றுக் குச்சிகள் இருக்கின்றன. 27க்குப் பத்துப் பத்தாகக் கட்டிய இரண்டு கட்டுகளும் ஏழு உதிரிக் குச்சிகளும் எடுத்து வைக்கிறாள். 15க்கு ஒரு கட்டும் ஐந்து உதிரியும். கட்டுகள் மூன்றாகின்றன, உதிரி பன்னிரண்டாகிறது. அந்தப் பன்னிரண்டிலிருந்து பத்தை எண்ணி எடுத்து ரப்பர் பேண்டு போட்டு நான்காவது கட்டாக மற்றக் கட்டுகளோடு வைக்கிறாள், மீதி இரண்டு. "நாப்பத்திரண்டு" என்கிறாள். கூட்டல் கணக்கில் "ரெண்டு போக மீதி ஒண்ணு" என்று பத்தின் தலையில் நாம் போட்ட அந்த ஒன்று எங்கிருந்து வருகிறது என்பதை அவள் தன் விரல்களால் கட்டிப் பார்த்துவிட்டாள். நம்மில் பலர் பத்தாம் வகுப்பு முடித்தும் அது ஏன் அங்கே போகிறது என்று யோசித்ததில்லை.

வியாழக்கிழமை, சந்தையில் வாங்கியவற்றைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியங்களைச் சொந்தமாக எழுதுகிறார்கள். நோட்டில் நீங்கள் பார்க்கும் பக்கம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பிழை மலிந்திருக்கும், ஆனால் பார்த்து எழுதியதாக இருக்காது. வெள்ளிக்கிழமை, யார் எதில் தடுமாறுகிறார் என்று ஆசிரியை சரிபார்க்கிறார்.

எனவே மாலையில் "என்ன நடத்துனாங்க?" என்று கேட்காமல், "கடையில என்ன வாங்கினே? எவ்வளவு குடுத்தே? மீதி எவ்வளவு தந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாசிப்பைச் சோதிக்க விரும்பினால், பாடநூலில் உள்ள படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கீழே உள்ள சொல்லைப் படிக்கச் சொல்லுங்கள். படம் இருந்தால் 'மரம்' என்று கூவுகிற குழந்தை படத்தை மறைத்ததும் விழிக்குமானால், அது எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் படித்திருக்கிறது. இதை எப்போதாவது செய்தால் போதும், நாள்தோறும் வீட்டில் தேர்வு வைக்க வேண்டாம். வாரக் கணக்கில் பாட்டு பாட்டாகவே நின்று, அதிலுள்ள ஒரு சொல்லைக்கூட மகளால் அடையாளம் காட்ட முடியவில்லை என்றால் தயங்காமல் பள்ளிக்குச் சென்று கேளுங்கள். திட்டம் நல்லது என்பதனாலேயே ஒவ்வொரு வகுப்பறையிலும் அது நல்லபடி நடக்கிறது என்று நான் வாக்குறுதி தரமாட்டேன்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனைத் தமிழில் 'அரும்பு' நிலையில் வைத்திருக்கிறார்கள். அது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கானது என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். என் மகனை இரண்டு வகுப்பு கீழே இறக்கிவிட்டதாகத்தானே பொருள்?
(ஒரு தந்தை, திருப்பூர்)

பதில்: இல்லை. உங்கள் மகனுடைய பெயர் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில்தான் இருக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் உள்ள அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை வைத்துச் செய்யப்படுவதல்ல. எழுத்திலும் எண்ணிலும் இப்போது எங்கே நிற்கிறது என்பதை வைத்துச் செய்யப்படுவது. எழுத்துகளையும் சிறு சொற்களையும் இனித்தான் அறிய வேண்டியவர்கள் அரும்பு. சொற்களிலிருந்து வாக்கியங்களுக்கு நகர்பவர்கள் மொட்டு. பத்தியைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் மலர். தமிழில் அரும்பாக இருக்கும் குழந்தை கணக்கில் மலராக இருப்பதுண்டு. வேலைக்காக ஊர் மாறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், நடுவில் பல வாரங்கள் பள்ளிக்கு வராதவர்கள், வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள் ஆகியோரிடம் இத்தகைய வேறுபாட்டை மிகுதியாகப் பார்க்கலாம். உங்கள் ஊரில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை.

எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையை மூன்றாம் வகுப்புப் பாடத்தின் முன் உட்காரவைத்தால், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவதைத் தவிர அவனால் என்ன செய்ய முடியும்? பழைய முறையில் இப்படித்தான் ஐந்தாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. ஆகவே நிலை பிரித்ததற்காக ஆசிரியரிடம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் கேட்டே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. மகனுக்கு எந்தெந்த எழுத்துகள் பிடிபடவில்லை, குறிலா நெடிலா, கொம்பும் சுழியும் சேரும்போது தடுமாறுகிறானா, இந்த வாரம் அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். "கொஞ்சம் மெதுவா படிக்கிறான்" என்ற விடையோடு திரும்பி வராதீர்கள்.

ஆண்டு முழுவதும் ஒரே குழந்தை ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத நிலை. பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், தான் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் குழந்தைகள் முதல் வாரத்திலேயே புரிந்துகொள்கிறார்கள். பாட்டுக்கும் கதைக்கும் எல்லாரும் கலந்து உட்கார்ந்து, பயிற்சிக்கு மட்டும் பிரியும் வகுப்பில் அந்தக் கூச்சம் குறையும். வீட்டில் அக்காவோ அண்ணனோ "நீ இன்னும் அரும்புதானா?" என்று கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பலகையில் உள்ளதை எழுதும்போது எழுத்துகளை விட்டுவிடுகிறான் என்றால் கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: மலைப்பகுதியில் உள்ள ஈராசிரியர் பள்ளியில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் மூன்றும் ஒரே அறையில் என் பொறுப்பில் உள்ளன. ஒரு வகுப்புக்கு நடத்தினால் மற்ற இரண்டும் கட்டுக்கடங்குவதில்லை. வாரத்தை எப்படித் திட்டமிடுவது?
(ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஆக உங்களுடைய நிலை விதிவிலக்கு அல்ல. சிறிய பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சட்டமே வகுத்துக்கொடுத்த நிலை. மூன்று வகுப்புகளை மூன்று பள்ளிகளாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாடம் நடத்த முயன்றால் பொங்கல் விடுமுறைக்குள் தொண்டை போய்விடும். மூன்றையும் ஒரே கூட்டமாக எண்ணுங்கள்.

காலையில் முதல் பகுதி எல்லாருக்கும் பொது. ஒரே கதையை மூன்று வகுப்புக்கும் சொல்லலாம். கதைக்குப் பிறகு தரும் வேலைதான் மாறும். கதையில் வந்த விலங்கின் பெயரில் முதல் எழுத்தைக் கண்டுபிடிப்பது ஒரு குழுவுக்கு, மூன்று சொற்களை எழுதுவது இன்னொரு குழுவுக்கு, கதையின் முடிவை மாற்றி எழுதுவது மூன்றாவது குழுவுக்கு. பிறகு ஒரு குழு உங்களோடு உட்காரும். ஒன்று இருவர் இருவராகப் பயிற்சி நூலைச் செய்யும். ஒன்று தானாக வேலை செய்யும். இந்த ஏற்பாடு புதியதன்று. 2007–08இல் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட, குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றலின் உயிர்நாடியே இதுதான். அந்த அட்டைகளும் அவற்றின் வரிசையைக் காட்டிய ஏணிப்படியும் போய்விட்டாலும், அக்காலத்தில் சுவரின் அடிப்பகுதியில் பூசிய கீழ்மட்டக் கரும்பலகை உங்கள் பள்ளியில் இன்னும் இருக்கக்கூடும். இருந்தால் அதற்குக் கறுப்புப் பூசித் தயாராக்குங்கள். தானாக வேலை செய்யும் குழுவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எழுதியது உங்கள் கண்ணுக்கும் தெரியும், அழித்துத் திருத்தவும் எளிது.

வகுப்பு கட்டுக்கடங்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தனியே விடப்பட்ட குழுவுக்குக் கொடுத்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துபோவது அல்லது தொடக்கத்திலேயே புரியாமல் போவது. செய்தது சரியா தவறா என்று குழந்தையே பார்த்துக்கொள்ளும்படி வேலை அமைய வேண்டும். மின்னட்டையின் (ஃப்ளாஷ் கார்டு) பின்புறம் விடை இருக்கட்டும். புளியங்கொட்டைகளை ஒருவர் பிரிக்க மற்றவர் எண்ணிச் சரிபார்க்கட்டும். இத்தகைய வேலைகளை வாரத் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒருமுறை செய்து காட்டிவிட்டால், பிறகு "டீச்சர், அடுத்து என்ன?" என்ற குரல் குறையும்.

உங்கள் நேரத்தைச் சமமாகப் பங்கிட வேண்டாம். எழுத்தறியாத குழந்தைகளுக்கு நீங்கள் நாள்தோறும் வேண்டும். சரளமாகப் படிப்பவர்களோடு வாரத்தில் இரண்டு மூன்று முறை உட்கார்ந்தால் போதும். பாடக்குறிப்பில் "இன்று யாரோடு உட்கார்ந்தேன்" என்று பெயர்களைக் குறித்துவைத்தால், சத்தம் போடாத காரணத்தால் வாரம் முழுவதும் உங்கள் பார்வையில் படாத பிள்ளை யார் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். அத்தகைய பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது. கெட்டிக்காரப் பெண் ஒருத்தியைக் குட்டி டீச்சராக்கிவிடும் வசதியான பழக்கத்தை மட்டும் மிகுதியாக நம்பாதீர்கள். சொல்லிக்கொடுப்பது அவளுக்கும் நல்லதுதான், ஆனால் அவளும் கற்க வந்தவள். தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்றுதான் சட்டம் ஆசிரியரின் பணியைக் கணக்கிடுகிறது. அந்தத் தயாரிப்புக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அரைமணி நேரம் ஒதுக்கினால் திங்கட்கிழமை காலை உங்களை மிரட்டாது.

கேள்வி: நாங்கள் படித்தபோது தினமும் வாய்ப்பாடு ஒப்பித்தோம், சொல்வதை எழுதினோம். இன்று என் பேரன் ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கே விரல் விடுகிறான். செயல்பாடு என்ற பெயரில் இவற்றையெல்லாம் கைவிட்டுவிட்டார்களா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பாளையங்கோட்டை)

பதில்: கைவிடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை ஐயா. மனப்பாடம் என்றாலே ஆகாது என்று சில ஆசிரியர்களே முடிவு செய்துகொண்டார்கள். அதில் உங்கள் பக்கம் நான் நிற்கிறேன். ஐந்தைந்தாகக் கட்டிவைத்துப் பெருக்கல் என்றால் என்ன என்று புரிந்துகொண்ட குழந்தை, அடுத்த கட்டமாக வாய்ப்பாட்டை நாவில் ஏற்றிக்கொள்ளத்தான் வேண்டும். வகுத்தலுக்குப் போகும்போதும் விரல் விட்டுக்கொண்டிருந்தால் கணக்கின் நடுவிலேயே வழி தவறிவிடும்.

புரியாமல் ஒப்பித்ததன் குறையையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் "முந்நூற்று ஐந்து" எழுதச் சொன்னால், நூறு வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளில் சிலர் 3005 என்று எழுதுவார்கள். காதில் முந்நூறு விழுந்தது, 300 எழுதினார்கள். ஐந்து விழுந்தது, பக்கத்தில் 5 எழுதினார்கள். நூறு முறை இம்போசிஷன் கொடுத்தாலும் இது திருந்தாது. 300 என்று எழுதிய நீண்ட அட்டையின் கடைசிச் சுழியத்தின்மேல் 5 என்ற சிறிய அட்டையை வைத்துக் காட்டினால் அந்த வாரத்திலேயே திருந்திவிடும்.

சொல்வதை எழுதுதல் வாரந்தோறும் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து. 'பள்ளி'யும் 'பல்லி'யும், 'மனம்' 'மணம்' இரண்டும் செவியில் பிரிந்து விழுந்தால்தான் கையில் பிரிந்து வரும். அதற்கு ஆசிரியர் ளகர லகரத்தை ஒழுங்காக உச்சரிக்க வேண்டும் என்பது தனிக் கதை. பேரனுக்கு நாள்தோறும் ஐந்தே சொற்கள் சொல்லி நீங்களே எழுதவையுங்கள். மாத்திரையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத நெல்லைத் தமிழ் உங்களிடம் இருக்கும்போது அவனுக்கு என்ன குறை?

கேள்வி: தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பக்க வீட்டுப்பாடம் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அழுகையோடுதான் முடிகிறது. இதற்கு வரம்பு இல்லையா?
(ஒரு தாய், சென்னை)

பதில்: இருக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மத்திய அரசு 2020இல் வெளியிட்ட பள்ளிப்பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகம் இரண்டு மணி நேரம் என்றும் சொல்கிறது. இவ்விரண்டையும் குறிப்பிட்டு, உங்களோடு இன்னும் சில பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, பள்ளி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போனால் "மத்தப் பேரண்ட்ஸ் இன்னும் அதிகமா வீட்டுப்பாடம் கேட்கிறாங்களே" என்பார்கள்; துரதிருஷ்டவசமாக அது பல இடங்களில் உண்மையும்கூட.

கேள்வி: பள்ளியில் காலை உணவு தருவதால் பாட நேரம் வீணாகிறது என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், தருமபுரி)

பதில்: உணவு முதல் மணிக்கு முன்பே முடிய வேண்டும் என்பதே ஏற்பாடு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட திட்டம் இது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல் என்று கிழமைக்கு ஒரு பட்டியல் உண்டு. அடுப்பு பற்றவைக்கத் தாமதமாகி, முதல் பாடவேளையில் கொஞ்சம் போகும் நாள்கள் இருக்கலாம். ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த காலத்தில், பதினொரு மணிக்குப் பிறகு எவ்வளவு பாடம் உள்ளே போயிற்று என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் நேரத்தை அளக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர, வகுப்பில் நடக்கும் கற்றலுக்கு எங்களைப் போன்றவர்கள் வாரத்தில் ஏதாவது செய்ய முடியுமா?
(ஒரு பெற்றோர், அறந்தாங்கி)

பதில்: முடியும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் வைத்திருப்பது கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுவதற்கு மட்டுமல்ல. வாரத்தில் ஒரு பாடவேளை ஊராரில் ஒருவர் வகுப்புக்கு வரலாம். படிக்காத பாட்டி ஒருவர் விடுகதை போட்டால் அது மொழிப் பாடம். சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர் டேப்போடு வந்தால் அது கணக்குப் பாடம். குயவர் வந்தால் பிள்ளைகள் அன்று எழுதும் வாக்கியங்களை நீங்களே படித்துப் பாருங்கள். பள்ளி நூலகத்துப் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பெயர் எழுதும் வேலையையும் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்ளலாம். புத்தகம் கிழிந்துவிடும் என்ற அச்சத்தில் ஆசிரியர்கள் பூட்டி வைத்திருப்பார்கள், கிழிந்தால் குழு பொறுப்பு என்று எழுதிக்கொடுங்கள்.

முன்னறிவிப்பின்றிப் போய் நிற்க வேண்டாம். அடுத்த வாரம் எந்தப் பாடம் வருகிறது என்பதை முந்தின வெள்ளிக்கிழமையே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீட்டல் அளவை வரும் வாரத்தில் தையற்காரரும், தாவரங்கள் வரும் வாரத்தில் நாற்றங்கால் வைத்திருப்பவரும் வருமாறு செய்தால், அந்த ஆசிரியருக்கு அது கூடுதல் வேலையாகத் தெரியாது.